ஈ.சி.டி. முடிந்து வீட்டுக்கு வருவது அம்மாதானா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அம்மாவுக்கு 61 வயது. எட்டு மாதமாக மனச்சோர்வு. இரண்டு மருந்து மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போது மூன்று வாரமாகத் தட்டைத் தள்ளிவிட்டு, "குடல் அழுகிப்போச்சு, எனக்கெதுக்குச் சோறு" என்கிறார். பெங்களூரில் நீங்கள் காட்டும் டாக்டர் ஈ.சி.டி., அதாவது மயக்கம் கொடுத்துத் தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை, கொடுக்கலாம் என்று சொல்லி, "கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினால், ஈ.சி.டி. மூளையின் நெட்வொர்க்குகளை மாற்றுகிறது என்று கண்ணில் பட்டிருக்கிறது. எப்படி மாற்றுகிறது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் போட்டிருக்கும் ஒரு வரிதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது: "மாறினால், வீட்டுக்கு வருவது எங்கள் அம்மாதானே?"

நான் மனநல மருத்துவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், பெங்களூருக்கு வந்து 24 வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, வாரத்துக்கு மூன்று காலை வீதம், ஈ.சி.டி. அறையில் கழிந்திருக்கிறது. ஸ்கேன் ஆராய்ச்சி நான் செய்ததில்லை, வருகிற கட்டுரைகளைப் படிப்பதோடு சரி. உங்கள் அம்மாவை நான் பார்க்கவும் இல்லை. அதனால் கொடுக்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு இந்தப் பதிலில் இருக்காது. மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்ததையும், தெரிந்த மாதிரி சொல்லப்படுவதையும் பிரித்துத் தருகிறேன்.

முதலில் அந்த அறை. சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள் என்று சொன்னால் யாரும் மறப்பதில்லை, அதனால் நடப்பதைச் சொல்கிறேன். காலை ஏழரை மணி, வெறும் வயிறு. நோயாளி படுத்ததும் நர்ஸ் முதலில் தொட்டுப் பார்ப்பது தலைமுடியை. நம் ஊர் அம்மாக்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மாட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரோடு தோலோடு ஒட்டாது, மெஷின் தடை அதிகம் என்று காட்டும். ஸ்டிக்கர் பொட்டு, பல்செட், நகப்பூச்சு எல்லாம் எடுத்தாக வேண்டும். கையில் ஊசி ஏறுகிறது, மயக்க மருந்து போகிறது, முப்பது நொடியில் தூக்கம். அப்புறம் தசையைத் தளர்த்தும் மருந்து. அது போவதற்கு முன்னால் ஒரு கணுக்காலில் பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்து இறுக்கிவிடுவோம், தசைத் தளர்ச்சி மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போய்ச் சேராதபடி. வாயில் ரப்பர் கட்டை. பிறகு சில நொடிகள் மின்சாரம், சிறு சிறு துடிப்புகளாக. அது அணைந்த பிறகும் வலிப்பு மூளைக்குள் 30, 40 நொடி ஓடும். உடம்பு ஏறக்குறைய அசைவதில்லை. பட்டை கட்டிய அந்த ஒரு பாதத்தில் கட்டைவிரல் மட்டும் வெட்டி வெட்டித் துடிக்கும். அறையில் எல்லோர் பார்வையும் அந்த விரலிலும், மூளையின் மின் அலைகளை வரையும் ஈ.ஈ.ஜி. தாளிலும்தான் இருக்கும். முதல் முறை பார்க்க வரும் மாணவர்கள் பெரும்பாலும் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள்.

அப்படி இல்லாத காலமும் இருந்தது. 90களின் நடுவில், நான் படித்துக்கொண்டிருந்தபோது, வேறோர் ஊர் மருத்துவமனையில் மயக்கம் கொடுக்காமலே இதைச் செய்வதைப் பார்த்தேன். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்வார்கள். ஒரு காலை நானும் பிடித்திருக்கிறேன். உங்கள் சித்தப்பா சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் பழைய ஈ.சி.டி. கதை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்கமும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுப்பதைத் தடை செய்துவிட்டது, 2018 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அம்மா படுக்கப்போகும் மேஜையில் அந்தப் பழைய காட்சி கிடையாது.

இப்போது மூளை. இந்தச் சிகிச்சை பிறந்ததே ஒரு தவறான யோசனையிலிருந்துதான். 1934இல் புடாபெஸ்டில் மெடுனா என்ற மருத்துவர், வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது என்று நம்பி, கற்பூரத்தை ஊசியாகப் போட்டு வலிப்பை வரவழைத்தார். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் கற்பூரம் மாதிரியான மருந்துகளுக்குப் பதில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மெடுனாவின் கொள்கை பிற்பாடு நிற்கவில்லை, சிகிச்சை மட்டும் நின்றது, அதுவும் மனச்சிதைவைவிட மனச்சோர்வில். ஏன் வேலை செய்கிறது என்ற கேள்வி அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

வலிப்பு வந்தாலே போதும், எப்படி வந்தாலும் சரி என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது 1993இல் அமெரிக்காவில் சாக்கைம் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு. வலிப்பு வரத் தேவையான குறைந்தபட்ச மின்சாரத்தை மட்டும், தலையின் வலப்பக்கத்தில் மட்டும் கொடுத்தவர்களுக்கும் முழு வலிப்பு வந்தது. ஆனால் நூற்றுக்கு 17 பேருக்குத்தான் பலன். அதே குறைந்த மின்சாரத்தை இருபக்கமும் வைத்துக் கொடுத்தபோது 65 பேருக்குப் பலன். கால்விரல் ஒரே மாதிரிதான் துடித்தது, மனச்சோர்வு ஒரே மாதிரி கேட்கவில்லை. மின்சாரம் எந்தப் பாதையில் போகிறது, எவ்வளவு போகிறது, வலிப்பு மூளையின் எந்தப் பகுதிகளை இழுத்துக்கொள்கிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நெட்வொர்க் என்ற பேச்சுக்கு அடிப்படையாக நான் எடுத்துக்கொள்வது ஸ்கேன் படங்களை அல்ல, இந்த 17ஐயும் 65ஐயும்தான்.

இன்னொரு சங்கதி நான் கண்ணால் பார்ப்பது. முதல் நாள் ஒருவருக்கு மின்சார அளவை 120 மில்லிகூலோம் என்று வைத்தால் 45 நொடி வலிப்பு வரும். ஏழாவது சிட்டிங்கில் 240 வைத்தாலும் 25 நொடியில் நின்றுவிடும். வலிப்பை நிறுத்துவது மெஷின் இல்லை, மூளை தானே பிரேக் போட்டு நிறுத்துகிறது. சிட்டிங் ஏற ஏற பிரேக் பலமாகிறது. அந்த பிரேக் பலமாவதுதான் சிகிச்சையே என்று ஒரு பழைய கருத்து உண்டு. வலிப்பு முடிந்த கையோடு நெற்றிப்புற மூளையின் இயக்கம் தணிவதும், ஈ.ஈ.ஜி.யில் மெதுவான அலைகள் கூடுவதும் பலமுறை அளக்கப்பட்டிருக்கின்றன. இவை உறுதியான கவனிப்புகள். அவைதான் நோயைக் குணப்படுத்துகின்றனவா, கூடவே நடக்கின்றனவா என்பது உறுதி இல்லை. எனக்கு இந்தக் கருத்தின் மேல் ஒரு சாய்வு உண்டு, அதற்குக் காரணம் நான் தினமும் டயலைத் திருப்புகிறவன் என்பதாகவும் இருக்கலாம்.

சரி, நெட்வொர்க். பெங்களூரில் ராத்திரி கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்க்கிறோம். எதிர்வீடும் நம் வீடும் எப்போதும் சேர்ந்தே அணைந்து சேர்ந்தே எரிந்தால் இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்று முடிவு கட்டுகிறோம். கம்பியை யாரும் போய்ப் பார்த்ததில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை நெட்வொர்க் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நோயாளி சில நிமிடங்கள் சும்மா படுத்திருக்கிறார். மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை மெஷின் பதிவு செய்கிறது. எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றனவோ அவை ஒரு நெட்வொர்க். மெஷின் பார்ப்பது நரம்பை அல்ல, நரம்பு வேலை செய்யும்போது கூடும் ரத்த ஓட்டத்தை. ஆகவே நெட்வொர்க் மாறியது என்று படித்தால், உள்ளே யாரோ கம்பியை அறுத்து வேறு இடத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி நினைக்காதீர்கள். விளக்குகள் சேர்ந்து எரிகிற ஒழுங்கு மாறியிருக்கிறது, அவ்வளவே அதன் பொருள்.

மனச்சோர்வில் அந்த ஒழுங்கு எப்படி இருக்கிறது? நாம் சும்மா இருக்கும்போது, போனதையும் வரப்போவதையும் தன்னைப் பற்றியும் அசைபோடும் வேலையை ஒரு நெட்வொர்க் செய்கிறது. வேலையில் கவனத்தைப் பிடித்துவைக்க இன்னொன்று. எது முக்கியம் என்று பார்த்து முதலதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றிவிட மூன்றாவது ஒன்று. கடும் மனச்சோர்வில் முதலாவது விடாப்பிடியாக ஓடிக்கொண்டே இருக்கிறது, மற்றதை நடக்கவிடுவதில்லை என்பது பல ஆய்வுகள் காட்டும் பொதுவான போக்கு. உங்கள் அம்மாவிடம் மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டாலும் பதில் குடலில் போய் முடிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த அனுபவத்தோடு இந்தப் படம் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதாலேயே நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நோயோடு அழகாகப் பொருந்திய விளக்கங்கள் பல எங்கள் துறையில் பத்து வருடம் ஆண்டுவிட்டுக் காணாமல் போயிருக்கின்றன.

ஈ.சி.டி.க்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில் அதிகம் பேசப்பட்டது 2012இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வந்த ஆய்வு. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். இடப்பக்க முன்மூளையின் மேற்பகுதி மற்ற பகுதிகளோடு வைத்திருந்த தொடர்பு பின்னால் குறைந்திருந்தது, சோர்வின் மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிய தொடர்புதான் நோய், ஈ.சி.டி. அதைத் தணிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே பேச்சை வீட்டில் அத்தனை பேரும் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், இப்போது சத்தம் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது. அதற்குப் பின்னால் வந்தவற்றில் சில, சில பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடியதாகச் சொல்கின்றன, சில குறைந்ததாக. எந்தப் பகுதி, எந்த நெட்வொர்க் என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஏதோ மாறுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் திசையில், எங்கே, அதுதான் நோயைத் தீர்த்ததா என்பதில் உண்டு.

இவ்வளவு குழப்பம் ஏன் என்பதற்கு வார்டில் நிற்கிற எனக்குப் புரிகிற காரணங்கள் சில இருக்கின்றன. கடும் சோர்வில் இருப்பவர் ஸ்கேனரில் கல் மாதிரி படுத்திருப்பார். தேறியவர் மூக்கைச் சொறிவார், தலையைத் திருப்புவார். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் இந்தக் கணக்கு கெடும். மருந்துகள் இடையில் மாறியிருக்கும். எட்டு முறை மயக்கம் கொடுத்ததன் பாதிப்பு தனியாக என்ன என்று பிரிப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டை நிறுத்திவிட்ட ஒருவரை வெறும் மயக்கம் மட்டும் கொடுத்து நாலு வாரம் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஒன்று உண்டு, அது எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஈ.சி.டி.க்குப் பிறகு அளவில் கொஞ்சம் பெரிதாகிறது. பல நாட்டு ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வந்த ஆய்வில் சுமார் 280 நோயாளிகள் இருந்தார்கள். சிட்டிங் எண்ணிக்கை கூடக்கூட அந்தப் பகுதி பெருத்தது. வலப்பக்கம் மட்டும் மின்சாரம் வைத்தால் வலப்பக்கம்தான் அதிகம் பெருக்கிறது. எலிகளில் இதே மாதிரி வலிப்பு உண்டாக்கினால் அங்கே புது நரம்பணுக்கள் முளைப்பது ஏற்கெனவே தெரியும் என்பதால், ஆகா, பிடித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அதிகம் பெருத்தவர்களே அதிகம் தேறினார்கள் என்று வரவில்லை. போதாக்குறைக்கு, சில மாதம் கழித்து அளந்தால் பழைய அளவை நோக்கித் திரும்பிவிடுகிறது, ஆள் நன்றாக இருக்கும்போதே. இவ்வளவு தெளிவாக அளந்த ஒரு மாற்றம் குணமாவதோடு ஒட்டாமல் தனியாக நிற்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த புதிர். உங்களுக்கு இதில் பயன்படுவது ஒன்றுதான்: மூளை செத்துச் சுருங்குகிறது என்று யாராவது சொன்னால், ஸ்கேனில் தெரிவது அதற்கு எதிர்மாறு. நரம்பணு சிதைந்தால் ரத்தத்தில் ஏற வேண்டிய பொருள்களைத் தேடியும் பார்த்திருக்கிறார்கள், அவை ஏறவில்லை.

ஆக, ரீஸ்டார்ட் உவமை எனக்குப் பிடிக்கவில்லை. ரீஸ்டார்ட் ஒரே தடவையில் நடப்பது. இது வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஆறு முதல் பன்னிரண்டு தடவை, படிப்படியாக நடப்பது. என் அனுபவத்தில் முதலில் திரும்புவது தூக்கமும் சாப்பாடும். அப்புறம் பேச்சு. பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் அவர் மருமகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் நர்சுகள் என்னிடம் வந்து சொல்வார்கள். "நல்லாயிருக்கேன்" என்ற வார்த்தை நோயாளியின் வாயிலிருந்து கடைசியில்தான் வரும். அதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

பலன் உண்டா என்பதைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியும், ஆனால் அதிலும் ஒரு ஓட்டையைக் காட்டிவிட வேண்டும். மயக்கம் மட்டும் கொடுத்துவிட்டு ஈ.சி.டி. கொடுத்த மாதிரி நடித்த குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2003இல் பிரிட்டனில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது உண்மையான ஈ.சி.டி. தெளிவாக முந்தியது. பெங்களூரிலேயே, நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் கங்காதரும் மற்றவர்களும், நோயாளிக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாமல் ஈ.சி.டி.யை இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஒப்பிட்டு 1982இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் நடிப்பு ஈ.சி.டி.யோடு ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாமே பழையவை, சிறியவை, 80களின் நடுவோடு நின்றுபோனவை. இதைச் சுட்டிக்காட்டி, ஆதாரமே போதாது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆய்வுகளின் தரத்தைப் பற்றிச் சொல்வது சரி. அதிலிருந்து பலனே இல்லை என்று தாவுவதை என்னால் ஏற்க முடியவில்லை, கண் முன்னால் நடப்பதை நான் பார்க்கிறேன். அவர்கள் திருப்பி, கண் முன்னால் பார்ப்பதை நம்பித்தானே மருத்துவம் ஆயிரம் வருடம் ஏமாந்தது என்பார்கள். அதுவும் சரிதான்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்று முக்கியம். குடல் அழுகிவிட்டது என்பது சோர்வில் சொல்லும் அலுப்புப் பேச்சு இல்லை, திருப்பிச் சொன்னாலும் அசையாத நம்பிக்கை. இப்படிப் பொய்யான நம்பிக்கை சேர்ந்த மனச்சோர்வில்தான் ஈ.சி.டி. மிக நன்றாகக் கேட்கிறது. 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை முழுக்க முடித்தவர்களில் இந்த வகையினர் நூற்றுக்கு 95 பேரும், மற்றவர்களில் 83 பேரும் நோயிலிருந்து வெளியே வந்தார்கள். இது முடித்தவர்கள் கணக்கு. நடுவில் விலகியவர்களையும் சேர்த்தால் எண் இறங்கும். வயதானவர்களுக்கு இது நன்றாகவே கேட்கிறது. சாப்பிடாமல் இருக்கும் 61 வயதுக்காரருக்கு இன்னொரு மாத்திரை போட்டு ஆறு வாரம் காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைத்தான் உங்கள் டாக்டர் அந்த ஒரு வரிக்குப் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும். உயிராபத்து என்று பார்த்தால், ஒரு லட்சம் சிட்டிங்குக்குச் சுமார் இரண்டு என்பது பல நாட்டுக் கணக்கு.

இனி நினைவு. "அதே அம்மாதானா" என்ற கேள்விக்கு உண்மையான பதில் நெட்வொர்க்கில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. புதிதாகக் கேட்டதை மறப்பது, பேர் சட்டென்று வராதது எல்லாம் சிகிச்சை நாட்களில் இருக்கும். பரீட்சை வைத்து அளந்தால் முடிந்து இரண்டு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது, சிலருக்கு முன்பைவிட மேலாகவே வருகிறது, சோர்வே கவனத்தைத் தின்றுகொண்டிருந்ததால். ஆனால் சிகிச்சைக்கு முந்தைய சில வாரங்கள், சில மாதங்களின் சொந்த நினைவுகள் ஓட்டை விழுந்த மாதிரி ஆகலாம், அதில் கொஞ்சம் திரும்பாமலே போகலாம். 2003இல் பிரிட்டனில் நோயாளிகளின் வாய்மொழியையே திரட்டிப் பார்த்தபோது, குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த மறதி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் துறை இதை நெடுங்காலம் குறைத்துப் பேசியது. நானும் குறைத்துப் பேசியவன்தான்.

என்னை மாற்றியவர் அல்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர். எட்டு சிட்டிங்கில் நன்றாகத் தேறினார். சிகிச்சைக்கு மூன்று வாரம் முன்னால் அவருடைய மகளின் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. மறுபரிசோதனைக்கு வந்தபோது போனில் அந்தப் போட்டோக்களைக் காட்டினார். தட்டு மாற்றுகிறார், நீலச் சட்டை. "சட்டை என்னுது சார், மூஞ்சியும் என்னுது. நான் அங்க போகல." கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி நோய் வந்தால் மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொள்வேன், ஆனால் முன்னாடியே சொல்லியிருந்தால் அதற்குள் நாலு தடவை அந்தப் போட்டோக்களை மகளோடு உட்கார்ந்து பார்த்திருப்பேன் என்றார். படிவத்தில் "நினைவாற்றல் பாதிக்கப்படலாம்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கியிருந்தேன். அது போதவில்லை.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: ஆரம்பிக்கும் முன் ஏ.டி.எம். எண், சீட்டுப் பணம் யாரிடம் எத்தனை தவணை கட்டியிருக்கிறது, நகை எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அம்மாவால் முடிந்தால் அவர் கையாலேயே எழுதட்டும், பிறகு தன் கையெழுத்தைத்தான் அவர் நம்புவார். எலக்ட்ரோடை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். வலப்பக்கம் மட்டும் வைத்து, தேவையான அளவுக்கு மேல் பல மடங்கு மின்சாரம் கொடுத்தால் நினைவுப் பாதிப்பு குறைவு. இருபக்கமும் வைத்தால் வேகம் அதிகம், மறதியும் அதிகம். சாப்பாடே இறங்காத நிலையில் வேகத்துக்காக இருபக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அது நியாயமான முடிவுதான். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிற டாக்டராக இருந்தால் இன்னொருவரிடமும் ஒரு கருத்து வாங்குங்கள்.

குணம், பாசம், பிடிவாதம், சாம்பாரில் எவ்வளவு புளி என்பதெல்லாம் மாறிப்போய் வேறொரு ஆளாக எழுந்த ஒருவரை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. சிலருக்குச் சோர்வு எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குகிறார், பேச்சை நிறுத்த முடியவில்லை, போனில் பொருள் வாங்கித் தள்ளுகிறார் என்றால், அம்மா தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேறியபின் என்ன என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஈ.சி.டி. நோயை இறக்குகிறது, இறங்கிய இடத்தில் பிடித்துவைப்பதில்லை. 2001இல் வந்த ஆய்வு ஒன்றில், ஈ.சி.டி.யால் தேறியவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 84 பேருக்கு நோய் திரும்பியது. ஒரு மனச்சோர்வு மருந்து கொடுத்தவர்களில் 60. அதோடு லித்தியம் என்ற மருந்தும் சேர்த்தவர்களில் 39. முன்னால் கேட்காத மருந்துதானே என்று நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய. நிறுத்தாதீர்கள். விளக்குகளின் ஒழுங்கு மாறியது என்று ஸ்கேன் சொன்னாலும் அது எத்தனை நாள் நிற்கும் என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல இப்போதைக்கு வழி இல்லை, இந்த எண்கள்தான் வழி.

கூட யார் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்களே இருங்கள், வெளியே நாற்காலியில் இல்லாமல், அனுமதித்தால் கண்விழிக்கும் அறையில். வலிப்பு முடிந்து எழும்போது சில நிமிடம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எங்கள் நர்சுகள் "ஹெசரேனு?" என்று கன்னடத்தில் பேர் கேட்பார்கள். நாற்பது வருடம் கன்னடம் பேசிய பெங்களூர்த் தமிழர்கள்கூட அந்த நேரத்தில் விழிப்பார்கள், அல்லது தமிழில் பதில் சொல்வார்கள். முதலில் சொந்தப் பேர் வரும், அப்புறம் ஊர், கிழமை கடைசியில். உங்கள் அம்மாவுக்குக் கண்ணாடி உண்டென்றால் அதைக் கையில் வைத்திருங்கள். விழித்ததும் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், காலை மணி இன்ன, நான் உன் மகள் என்று தமிழில் மெதுவாகச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவை. அப்புறம், முந்தைய நாளே தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெயைப் போக்கிவிடுங்கள். காலையில் ஒரு வாய் காபிதானே என்று பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பால் காபி வயிற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்குதான், மயக்க மருத்துவர் அன்றைய சிட்டிங்கை ரத்து செய்துவிடுவார். பிளாஸ்கில் எடுத்துப் போங்கள், ஒன்பதரை மணிக்குக் கேட்பார்.